தோட்டம் தாமானாகும்போது: வீடமைப்புச் சட்டங்களில் மேம்பாட்டாளர் சங்கம் கேட்பது என்ன?

சிலாங்கூரின் பெஸ்தாரி ஜெயா போன்ற தோட்டப் பட்டணங்களில், செம்பனை சாய்க்கப்பட்ட நிலத்தின் முகப்பில் முதலில் முளைப்பது ஒரு விளம்பரப் பலகை. மேலே மாடிவீட்டின் படம். அதன் கீழே பெரிய எழுத்தில் விலை. அடியில், கிட்டப் போய் நின்றால்தான் படிக்க முடிகிற பொடி எழுத்தில் ஏழெட்டு வரிகள் இருக்கும்: மேம்பாட்டாளரின் உரிம எண், விளம்பர விற்பனை பெர்மிட் எண், இரண்டும் எந்தத் தேதி வரை செல்லும், நிலம் நிரந்தர உரிமையா குத்தகையா, நிலத்தின் மேல் அடமானம் உண்டா, எத்தனை வீடுகள், எப்போது கட்டி முடியும், பூமிபுத்ராக்களுக்கு (மலாய், பூர்வகுடி மக்கள்) விலைக் கழிவு எவ்வளவு.

அந்தப் பொடி எழுத்து மேம்பாட்டாளர் விருப்பப்பட்டுப் போட்டதல்ல, சட்டம் போட வைத்தது. ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஒரு நீண்ட வாக்குவாதம் இருக்கிறது. அந்த வாக்குவாதங்களில் செய்திகளில் திரும்பத் திரும்ப வரும் பெயர் ரெஹ்டா. "ரெஹ்டா வரவேற்கிறது", "ரெஹ்டா ஒத்திவைக்கக் கோருகிறது", "ரெஹ்டா கவலை" என்று தலைப்புகள் வருகின்றன. எந்தச் சட்டம், அதில் என்ன மாறினால் யாருக்கு என்ன ஆகும் என்பதை அந்தச் செய்திகள் பெரும்பாலும் சொல்வதில்லை. தோட்டத்திலிருந்து தாமானுக்கு, அதாவது வீடமைப்புக் குடியிருப்புக்கு, மாறிக்கொண்டிருக்கும் குடும்பங்களின் இடத்தில் நின்று அதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

ரெஹ்டா என்பது யார்?

மலேசிய நில, வீடமைப்பு மேம்பாட்டாளர்கள் சங்கத்தின் சுருக்கப் பெயர்தான் ரெஹ்டா. 1970-இல் வீடமைப்பு மேம்பாட்டாளர் சங்கமாகத் தொடங்கியது. தீபகற்ப மலேசியாவில் வீடு கட்டி விற்கும் தனியார் நிறுவனங்களில் பெரும்பகுதி இதில் உறுப்பினர். இது அரசுத் துறையும் அல்ல, வீடு வாங்குவோரின் சங்கமும் அல்ல. வாங்குவோர் பக்கம் பேசுவது தேசிய வீடு வாங்குவோர் சங்கம், அது வேறு அமைப்பு. இரண்டு பெயரிலும் "வீடு" இருப்பதால் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

ஒரு தொழிற்சங்கம் தொழிலாளிக்காகப் பேசுவதுபோல, ரெஹ்டா கட்டி விற்பவருக்காகப் பேசுகிறது. அதில் தவறில்லை. வங்கிக் கடனும் சிமெண்டு விலையும் அரசு அலுவலகத் தாமதமும் எப்படி ஒரு திட்டத்தை முடக்கும் என்பதை அவர்களைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் குறைவு. ஆனால் அவர்கள் "வீட்டு விலை ஏறும்" என்று சொல்லும்போது அது ஒரு தரப்பின் வாதம் என்ற நினைப்போடு கேட்க வேண்டும்.

செம்பனை நிலம் வீட்டுமனையாக மாறும் வழி

ரெஹ்டாவின் கோரிக்கைகள் பலவும் இந்த வழியில் உள்ள ஏதோ ஒரு படியைப் பற்றியவை. ஆகவே படிகளை முதலில் தெரிந்துகொள்வது நல்லது.

1. தோட்ட நிலம் கைமாறுதல். 1965-ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தின் 214ஏ பிரிவுப்படி, ஒட்டிய நிலமாக 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்டத்தைத் தோட்ட நில வாரியத்தின் ஒப்புதல் இல்லாமல் விற்கவோ துண்டாடவோ முடியாது. பழைய துரைமார் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுத் தொழிலாளர்களைத் தெருவில் விட்ட காலத்தின் நினைவு இந்தப் பிரிவில் இருக்கிறது.

2. பயன்பாட்டு வகை மாற்றம். கிராண்டில் (நில உரிமைப் பத்திரத்தில்) "விவசாயம்" என்று இருப்பதைக் "கட்டடம்" என்று மாற்ற நில உரிமையாளர் மாநில அரசிடம் விண்ணப்பிக்க வேண்டும். மலேசியாவில் நிலம் மாநில அதிகாரத்துக்கு உட்பட்டது. மாநிலம் அதற்குப் பிரிமியம் வாங்கும், புது நிபந்தனைகளும் போடலாம். இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் திரும்பி வருவோம்.

3. திட்ட அனுமதி. 1976-ஆம் ஆண்டு நகர, கிராமப்புறத் திட்டமிடல் சட்டத்தின் கீழ் ஊராட்சி மன்றம் தருவது. எத்தனை வீடு, சாலை எவ்வளவு அகலம், மலிவு வீடு எத்தனை, கோயிலுக்கும் சூராவுக்கும் இடம் எங்கே என்பதெல்லாம் இங்கேதான் முடிவாகும்.

4. உரிமமும் பெர்மிட்டும். நான்குக்கு மேற்பட்ட வீடுகளைக் கட்டி விற்பவர் 1966-ஆம் ஆண்டு வீடமைப்பு மேம்பாட்டு (கட்டுப்பாடு, உரிமம்) சட்டத்தின்படி வீடமைப்பு, ஊராட்சித்துறை அமைச்சிடம் உரிமம் பெற வேண்டும். கட்டுமானச் செலவு மதிப்பீட்டில் 3% வைப்புத்தொகையும் கட்ட வேண்டும்.

முதல் மூன்றும் மாநிலமும் ஊராட்சியும் சம்பந்தப்பட்டவை, நான்காவது கூட்டரசு, அதாவது மத்திய அரசு. அதனால்தான் ஒரே நிறுவனம் சிலாங்கூரில் ஒரு நிபந்தனையையும் கெடாவில் வேறொன்றையும் சந்திக்கிறது. அனுமதிகள் சீக்கிரம் கிடைக்க வேண்டும், மாநிலங்களின் விதிகள் ஒத்துப்போக வேண்டும் என்பது ரெஹ்டாவின் மிகப் பழைய கோரிக்கை. இதில் அவர்கள் சொல்வது பெரும்பாலும் நியாயம்தான். காத்திருக்கும் மாதங்களுக்கு நிறுவனம் கட்டும் வட்டி கடைசியில் வீட்டு விலையில்தான் ஏறும்.

பணத்தை எப்போது கொடுப்பது: 1966 சட்டத்தின் மையச் சண்டை

மலேசியாவில் வீடு வாங்குபவர் பெரும்பாலும் வாங்குவது வீட்டை அல்ல, கட்டப்போகும் வீட்டின் ஒப்பந்தத்தை. அந்த ஒப்பந்தத்தின் வாசகத்தை மேம்பாட்டாளர் தன் இஷ்டத்துக்கு எழுத முடியாது. அரசு அச்சிட்ட படிவம் இருக்கிறது. தனி நிலத்தோடு கூடிய வீட்டுக்கு 'ஜி' அட்டவணை, அடுக்குமாடிக்கு 'எச்' அட்டவணை.

'ஜி' அட்டவணையில் பணம் தவணை தவணையாகப் போகிறது. கையெழுத்திடும்போது 10%, அடித்தளம் முடிந்ததும் 10%, தூண்களும் உத்திரங்களும் எழுந்ததும் 15%. 300,000 ரிங்கிட் வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் சுவரில்லை, கூரையில்லை. ஆனால் 105,000 ரிங்கிட் மேம்பாட்டாளர் பக்கம் போய்விட்டது. வங்கி கொடுத்த பகுதிக்கு வாங்கியவர் வட்டி கட்டத் தொடங்கிவிட்டார். குடியிருக்கும் வீட்டுக்கு வாடகை வேறு.

கட்டுமானம் நின்றுபோனால் என்ன ஆகும்? ரவாங்குக்கு வடக்கே புக்கிட் பெருந்துங் பக்கம் போய்ப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. 1990-களில் பெரிய கனவோடு எழுப்பப்பட்ட அந்த நகரம், 1997 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு வரிசை வரிசையாக ஆளில்லாத வீடுகளோடு பல ஆண்டுகள் நின்றது.

இதற்கு மாற்றாக வந்ததுதான் "கட்டிய பிறகு விற்பது". அதன் மலேசிய வடிவம் 10:90. 10% கொடுத்துக் கையெழுத்திடலாம், மீதி 90% வீடு முடிந்த பிறகு. 'ஐ', 'ஜே' என்ற அட்டவணைகள் இதற்காகவே இருக்கின்றன. ஆனால் கட்டாயமில்லை. 2015-இலிருந்து கட்டாயமாக்கப்போவதாக ஒருகட்டத்தில் பேசப்பட்டது, நடக்கவில்லை.

ரெஹ்டா இதைக் கட்டாயமாக்குவதை எதிர்க்கிறது. அதன் வாதம் இப்படிப் போகிறது: கட்டுமானக் காலம் முழுக்க மேம்பாட்டாளரே கடன் வாங்கிச் செலவழிக்க வேண்டும். பெரிய நிறுவனத்துக்கு வங்கி கொடுக்கும், சிறிய நிறுவனத்துக்குக் கொடுக்காது. சிறியவர்கள் மூடிவிட்டால் போட்டி குறையும், வீடுகள் குறையும், விலை ஏறும். விருப்பமுள்ளவர்கள் செய்யட்டும், சலுகை கொடுத்து ஊக்குவியுங்கள், கட்டாயம் வேண்டாம் என்கிறார்கள்.

வாங்குவோர் சங்கத்தின் பதில் சுருக்கமானது: அந்தக் கடன் பளு இன்று இல்லாமல் போய்விடவில்லை, வாங்குபவர் தலையில் இருக்கிறது. மாதச் சம்பளக்காரர் ஏன் ஒரு நிறுவனத்தின் முதலீட்டாளராக இருக்க வேண்டும்?

இரண்டு பக்கமும் சொல்வது உண்மைதான். ஆனால் எடைபோடும்போது ஒன்றைப் பார்க்க வேண்டும். திட்டம் நின்றுபோனால் நிறுவனத்துக்குப் போவது ஒரு திட்டம். வாங்கியவருக்குப் போவது வாழ்நாளில் வாங்கக்கூடிய ஒரே வீடு. அதிலும் தோட்டத்திலிருந்து வெளியேறி, ஊழியர் சேமநிதியில் இருந்ததை எடுத்து முன்பணம் கட்டியவருக்கு இரண்டாவது வாய்ப்பு கிடையாது. அதனால், பெரிய நிலப்பரப்பும் பெரிய முதலும் உள்ள நிறுவனங்களிடமிருந்தாவது 10:90-ஐத் தொடங்கலாம் என்பதே என் கருத்து.

சட்டம் இப்போது தரும் பாதுகாப்பையும் சொல்லிவிட வேண்டும். திட்டத்தைக் கைவிடுவது குற்றம்: 250,000 முதல் 500,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது 3 ஆண்டு வரை சிறை அல்லது இரண்டும். கட்டுமானம் தொடர்ந்து ஆறு மாதம் நிறுத்தப்பட்டு, அதை வீடமைப்புக் கட்டுப்பாட்டாளர் (இந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்தும் அரசு அதிகாரி) உறுதிசெய்தால், வாங்கியவர் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளவும் வழியுண்டு. எழுத்தில் நல்ல பாதுகாப்புதான். பணம் தீர்ந்துபோன நிறுவனத்திடமிருந்து பணத்தைத் திரும்ப வாங்குவது வேறு விஷயம்.

அடுத்து, சொத்து மேம்பாட்டுக்கென ஒரு புதிய சட்டத்தை இந்த 1966 சட்டத்தின் இடத்தில் கொண்டுவரப்போவதாக அமைச்சு அறிவித்திருக்கிறது. குடியிருப்பு மட்டுமல்லாமல் வணிகச் சொத்தையும் அதற்குள் கொண்டுவருவதே நோக்கம். இப்போதைய சட்டத்தில் கடையும் அலுவலகமும் வாங்குபவருக்கு மேலே சொன்ன படிவமோ, வீடு வாங்குவோரின் கோரிக்கையை விசாரிக்கும் நடுவர் மன்றமோ கிடையாது. பலசரக்குக் கடை வைக்கலாம் என்று புதுத் தாமானில் ஒரு கடைக்கட்டடம் வாங்கும் தோட்டத்துப் பையனுக்கு இந்த மாற்றம் முக்கியம். புதிய சட்டம் பேசப்படும்போது ரெஹ்டாவின் கவனம் எங்கே இருக்கும் என்று மேலே உள்ளதைப் படித்தாலே தெரியும்: பணம் எப்போது கைமாறும், தவறுக்கு என்ன தண்டனை.

தாமதம்: ஒரு நாளின் விலை

செய்திகளில் மிக அதிகமாகக் குழப்பும் பகுதி இதுதான். கொஞ்சம் நின்று பார்ப்போம்.

தனி நில வீட்டைப் படிவப்படி 24 மாதத்தில் ஒப்படைக்க வேண்டும், அடுக்குமாடி என்றால் 36 மாதம். தாமதித்தால் வாங்கிய விலையில் ஆண்டுக்கு 10% வீதம், நாள் கணக்கில் இழப்பீடு. 300,000 ரிங்கிட் வீட்டுக்கு ஒரு நாளைக்கு 82 வெள்ளி 19 காசு. 200 நாள் தாமதம் என்றால் 16,438 ரிங்கிட். ஒரு வருடத்துக்கு 30,000.

இத்தனை வீடு, இத்தனை நாள் என்று பெருக்கினால் மேம்பாட்டாளருக்கு அது எவ்வளவு பெரிய தொகை என்று புரியும். ஆகவே கட்டுப்பாட்டாளரிடம் விண்ணப்பித்து 24 மாதத்தை 36 ஆகவோ, 36-ஐ 48 ஆகவோ நீட்டித்துக்கொள்ளும் வழக்கம் இருந்தது. ஒப்பந்தம் போடும்போதே நீட்டித்த காலம் அச்சாகியிருக்கும். வாங்குபவருக்கு வழக்கமான காலம் எது என்றே தெரியாது.

2019 நவம்பரில் கூட்டரசு நீதிமன்றம் ஆங் மிங் லீ வழக்கில் இந்த வழக்கத்தை வெட்டியது. சட்டம் வாங்குவோரைக் காக்க வந்தது. அந்தப் படிவத்தின் காலத்தை நீட்டிக்கும் அதிகாரத்தைக் கட்டுப்பாட்டாளருக்குக் கொடுக்கும் விதி, தாய்ச் சட்டத்தின் எல்லையை மீறியது, செல்லாது என்றது தீர்ப்பு.

ரெஹ்டா பதறியதற்குக் காரணம் இருந்தது. நீட்டிப்பு கொடுத்தது அரசு, அதை நம்பித் திட்டம் போட்டது நிறுவனம். இப்போது முடிந்துபோன திட்டங்களுக்கெல்லாம் பின்தேதியிட்டு இழப்பீடு கேட்டால் எப்படி என்று கேட்டார்கள். அரசின் கையெழுத்தை நம்பியவரைத் தண்டிப்பதா என்ற அந்தக் கேள்வியை லேசாகத் தள்ளிவிட முடியாது. 2024-இல் அதே நீதிமன்றம், ஆங் மிங் லீ தீர்ப்பு அது வந்த பிறகான நிலைமைகளுக்கே பொருந்தும், பின்னோக்கிப் போகாது என்று தெளிவுபடுத்தியது. மேம்பாட்டாளர்கள் மூச்சுவிட்டார்கள். பழைய நீட்டிப்பால் ஒரு வருட இழப்பீட்டை இழந்தவர்களில் பலருக்குக் கதவு அடைந்தது.

இதோடு சேர்ந்த இன்னொரு தீர்ப்பு 2021-இல் வந்தது. நாள் கணக்கு எங்கே தொடங்குகிறது? ஒப்பந்தத் தேதியிலிருந்து என்றார்கள் மேம்பாட்டாளர்கள். முன்பதிவுப் பணம் கட்டிய நாளிலிருந்து என்றது கூட்டரசு நீதிமன்றம். ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் எந்தப் பெயரிலும் பணம் வாங்கக் கூடாது என்று விதி இருக்கிறது. அதை மீறி வாங்கிவிட்டு, தாமதமாக ஒப்பந்தம் போட்டுக் கணக்கைத் தள்ளிவைக்க முடியாது என்பதே காரணம்.

சந்தை நாளில் கூடாரம் போட்டு வீடு விற்கும்போது ஆயிரம் வெள்ளி வாங்கிக்கொண்டு ஒரு ரசீது தருவார்கள் அல்லவா? பேரேட்டுத் தாளில் கார்பன் வைத்து எழுதிய அந்த மெல்லிய ரசீதைப் பலர் சாமிப்படத்துக்குப் பின்னால் செருகி மறந்துவிடுகிறார்கள். ரசீதுக்கும் ஒப்பந்தத்துக்கும் இடையே 120 நாள் என்றால், மேலே சொன்ன வீட்டுக்கு அந்தத் தாளின் மதிப்பு 9,863 ரிங்கிட். மை மங்குவதற்கு முன் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

இழப்பீட்டை வாங்க வழக்கறிஞர் வைக்க வேண்டிய அவசியமும் இல்லை. 2002-இலிருந்து வீடு வாங்குவோர் நடுவர் மன்றம் செயல்படுகிறது. 50,000 ரிங்கிட் வரை கோரலாம். நிறைவுச் சான்றிதழ் வெளியான நாளிலிருந்தோ, 24 மாதப் பழுதுப் பொறுப்புக் காலம் முடிந்த நாளிலிருந்தோ 12 மாதத்துக்குள் மனு கொடுத்துவிட வேண்டும். அதைத் தாண்டினால் அந்த வழி மூடிவிடும்.

பெருந்தொற்றுக் காலத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2020-இல் வந்த 829-ஆவது சட்டம், நடமாட்டக் கட்டுப்பாட்டு நாள்களைத் தாமதக் கணக்கிலிருந்து கழித்தது. வேலைத்தளங்கள் மூடியிருந்தன, ஆள் இல்லை. அந்த விலக்கு நியாயமே.

மலிவு வீட்டு ஒதுக்கீடு: ரெஹ்டாவின் நீண்ட முறையீடு

ஒரு தாமான் கட்டும்போது ஒரு பகுதியை, பல இடங்களில் 30% வரை, மலிவு விலையில் கட்ட வேண்டும் என்று மாநிலங்கள் நிபந்தனை போட்டு வந்திருக்கின்றன. 1980-களில் ஒரு மலிவு வீட்டின் விலை 25,000 ரிங்கிட் என்று நிர்ணயிக்கப்பட்டது. 1998-இல் இடத்துக்கு ஏற்ப 25,000 முதல் 42,000 வரை என்று மாறியது.

சிமெண்டும் கம்பியும் கூலியும் ஏறிய காலத்தில் 42,000-க்கு ஒரு வீடு கட்ட முடியாது. நட்டத்தை மேம்பாட்டாளர் மற்ற வீடுகளின் விலையில் போட்டு ஈடுகட்டுகிறார். ரெஹ்டா சொல்வது இதுதான்: ஏழைக்கு வீடு கொடுப்பது அரசின் கடமை. அந்தச் செலவைப் பக்கத்து வரிசையில் வீடு வாங்கும் ஆசிரியரும் தாதியும் ஏன் சுமக்க வேண்டும்? அரசே கட்டட்டும், அல்லது எங்களுக்கு நிலப் பிரிமியத்திலும் கட்டணங்களிலும் தள்ளுபடி தரட்டும். மின்சாரம், தண்ணீர், கழிவுநீர் நிறுவனங்களுக்கு மேம்பாட்டாளர் கட்டும் பங்களிப்பையும் இதே கணக்கில் சேர்த்துச் சொல்கிறார்கள்.

பொருளாதார வாதமாக இதில் பலம் உண்டு. ஆனால் எதிர்ப்பக்கமும் ஒரு கணக்கு இருக்கிறது. விவசாய நிலம் "கட்டடம்" ஆன அன்றே அதன் மதிப்பு பல மடங்கு ஏறுகிறது. 2011-இல் லாத்தார் விரைவுச்சாலை திறந்த பிறகு பெஸ்தாரி ஜெயாவும் ஈஜோக்கும் கோலாலம்பூருக்கு நெருங்கி வந்தன. அந்தச் சாலையால் ஏறிய நில மதிப்பை எந்த மேம்பாட்டாளரும் உழைத்து உண்டாக்கவில்லை. பொது வசதி ஏற்றிய மதிப்பில் ஒரு பங்கைப் பொதுவுக்குத் திருப்பிக் கேட்பதுதான் ஒதுக்கீடு. பிரிமியத்தைக் குறை என்பவர்கள் இதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

பூமிபுத்ரா ஒதுக்கீட்டிலும் கழிவிலும் ரெஹ்டா கேட்பது ரத்து அல்ல. குறிப்பிட்ட காலம் விற்காமல் கிடந்தால் அந்த வீடுகளை யாருக்கும் விற்க, தானாகவே விடுவிக்கும் முறை வேண்டும் என்கிறது. விகிதமும் விடுவிப்பு விதியும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. கட்டி முடித்துச் சான்றிதழ் வாங்கி ஒன்பது மாதத்துக்கு மேலும் விற்காத வீட்டை அரசின் சொத்துத் தகவல் மையம் "தேங்கிய வீடு" என்று கணக்கிடுகிறது. தேக்கத்துக்கு இந்த ஒதுக்கீட்டையும் வங்கிகள் கடனை நிராகரிப்பதையும் ரெஹ்டா காரணமாகக் காட்டுகிறது. வாங்கக்கூடியவர் சம்பளத்துக்கு ஒத்துவராத விலையில், வேலை இல்லாத இடத்தில் கட்டியதும் காரணம் என்பதை அவ்வளவு உரக்கச் சொல்வதில்லை.

வரியும் நகரப் புதுப்பிப்பும், சுருக்கமாக

2019-இல் அரசோடு சேர்ந்து நடத்திய வீட்டுடைமை இயக்கத்தில், பங்கெடுத்த மேம்பாட்டாளர்கள் குறைந்தது 10% கழிவு கொடுத்தார்கள், அரசு முத்திரை வரியைத் தள்ளுபடி செய்தது. அதுபோன்ற சலுகைகளை ரெஹ்டா தொடர்ந்து கேட்கிறது. 2025 ஜூலை 1 முதல் கட்டுமானச் சேவைக்கு 6% சேவை வரி வந்தபோது குடியிருப்பு வீடுகள் விலக்கப்பட்டன. வணிகக் கட்டடங்களுக்கு வரி உண்டு.

நகரப் புதுப்பிப்பு மசோதா 2025 ஆகஸ்டில் மக்களவைக்கு வந்தது. பழைய அடுக்குமாடியை இடித்துக் கட்ட இப்போது 100% உரிமையாளர்களின் சம்மதம் வேண்டும். மசோதா அதை 30 ஆண்டுக்கு மேற்பட்ட கட்டடத்துக்கு 75%, அதற்குக் குறைந்ததுக்கு 80%, கைவிடப்பட்டதுக்கு 51% என்று தளர்த்த முன்வந்தது. ரெஹ்டா ஆதரித்தது, கடுமையான எதிர்ப்பும் எழுந்தது. இது முதலில் கோலாலம்பூரின் சண்டை. ஆனால் தோட்டம் விட்டுப் போய், தற்காலிக நீள்வீட்டில் பல ஆண்டு இருந்து, கடைசியில் ஒரு மலிவு அடுக்குமாடி வீட்டை வாங்கிய நம் குடும்பங்கள் அங்கே ஏராளம். நூற்றில் சம்மதம் சொல்லாத 25 பேரில் நம் பாட்டியும் இருக்கலாம்.

லயத்தில் இருப்பவர் எந்தச் சட்டத்தில் இருக்கிறார்?

இதுவரை பார்த்த எல்லா வாக்குவாதத்திலும் இரண்டே தரப்புதான்: விற்பவர், வாங்குபவர். 1966 சட்டம் ஒருவரைக் கவனிக்கத் தொடங்குவது அவர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகு. அந்த நிலத்திலேயே பிறந்து, பால்மரம் சீவி, பிறகு செம்பனைக் குலை வெட்டி, லயத்து வீட்டில் பிள்ளைகளை வளர்த்தவர் இந்தச் சட்டத்தின் கண்ணுக்குத் தெரியமாட்டார்.

மற்றச் சட்டங்களில்? வேலை போனால், ஐந்து ஆண்டுக்கு மேல் உழைத்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம் என்று 1980-ஆம் ஆண்டு விதிமுறை சொல்கிறது. பணம் உண்டு, வீடு இல்லை. 1990-ஆம் ஆண்டின் 446-ஆவது சட்டம் தொழிலாளர் குடியிருப்பின் தரத்தைச் சொல்கிறது. ஆனால் அது வேலை இருக்கும் வரைக்கான வீடு. திட்ட அனுமதிக் கட்டத்தில், உள்ளூர்த் திட்டம் இல்லாத பகுதியாக இருந்தால், பக்கத்து நிலத்தின் உரிமையாளருக்கு ஊராட்சி மன்றம் கடிதம் எழுதி ஆட்சேபம் கேட்க வேண்டும். அதே நிலத்துக்குள் ஐம்பது வருடம் குடியிருப்பவர் உரிமையாளர் இல்லை, அதனால் அவருக்குக் கடிதம் இல்லை.

இதன் விளைவை நாம் பார்த்திருக்கிறோம். பினாங்கு குளுகோரில் கம்போங் புவா பாலா மக்கள், தோட்டத் தொழிலாளர்களின் வழிவந்தவர்கள், நீதிமன்றம் வரை போயும் 2009-இல் வீடுகள் இடிக்கப்படுவதைப் பார்த்து நின்றார்கள். பெஸ்தாரி ஜெயா வட்டாரத்திலேயே மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் குடும்பங்கள் சொந்த வீட்டுக்காக இருபது ஆண்டுக்கு மேல் மனுவோடு அலைந்தார்கள். அவர்களுக்கு வீடு என்ற பேச்சு வந்தபோதெல்லாம் வந்தது அரசியல் பேச்சுவார்த்தையாலும் அரசு ஒதுக்கீட்டாலும். எந்தச் சட்டப் பிரிவையும் காட்டி "இது என் உரிமை" என்று அவர்களால் கேட்க முடியவில்லை.

இங்கேதான் ரெஹ்டாவின் மலிவு வீட்டு வாதத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். எங்கிருந்தோ வரும் ஏழைக்கு நாங்கள் ஏன் வீடு கட்ட வேண்டும் என்ற கேள்விக்கு, அரசு கட்டட்டும் என்பது ஒரு பதிலாக இருக்கலாம். தோட்ட நிலத்தில் நிலைமை வேறு. இவர்கள் எங்கிருந்தும் வரவில்லை. நிலம் "காலியாக" ஒப்படைக்கப்பட வேண்டும் என்பதற்காக வெளியே போகச் சொல்லப்படுபவர்கள். அவர்கள் வீட்டை விட்டுக்கொடுப்பதால்தான் திட்டமே தொடங்க முடிகிறது. அந்தச் செலவை நிலத்தின் விலையில் எழுத வேண்டும், தொண்டுக் கணக்கில் எழுதக் கூடாது.

இதற்குப் புதுச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. முன்னால் நினைவில் வைக்கச் சொன்ன இரண்டாவது படி இருக்கிறதே, அங்கே மாநில அரசு நிபந்தனை போடலாம்:

1. வகை மாற்ற விண்ணப்பத்தோடு, அந்த நிலத்தில் குடியிருக்கும் குடும்பங்களின் பட்டியல் இணைக்கப்பட வேண்டும். ஓய்வுபெற்றவரும், இறந்த தொழிலாளியின் குடும்பமும் அதில் இருக்க வேண்டும்.

2. அந்தக் குடும்பங்களுக்கான வீடுகள் அதே தாமானில் முதல் கட்டத்திலேயே கட்டப்பட வேண்டும். சாவி கைக்கு வந்த பிறகுதான் லயத்தை இடிக்கலாம்.

3. அந்த வீடுகள் 30% மலிவு வீட்டுக் கணக்கில் சேரலாம். மேம்பாட்டாளருக்குக் கூடுதல் பளு இல்லை, எனவே ரெஹ்டா எதிர்க்கவும் காரணமில்லை.

4. கோயில், தமிழ்ப்பள்ளி, இடுகாடு ஆகியவற்றின் நிலம் தனிக் கிராண்டாகப் பிரிக்கப்பட வேண்டும். வரைபடத்தில் "பின்னர் முடிவு செய்யப்படும்" என்று விடக் கூடாது.

தோட்டம் கைமாறப்போகிறது என்ற பேச்சு காதில் விழுந்த வாரமே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. மாவட்ட நில அலுவலகத்துக்குப் போய், லாட் எண்ணைச் சொல்லி, கட்டணம் கட்டி, அதிகாரப்பூர்வத் தேடல் சான்று வாங்க வேண்டும். நிலம் யார் பெயரில் இருக்கிறது, வகை இன்னும் விவசாயமா, என்ன நிபந்தனை என்பது அதில் இருக்கும். "விவசாயம்" என்றே இருந்தால், மந்திரி புசார் (மாநில முதல்வர்) அலுவலகத்துக்கும் நில அலுவலகத்துக்கும் குடும்பப் பட்டியலோடு மனுக் கொடுக்க இன்னும் நேரம் இருக்கிறது என்று பொருள். சாலையோரத்தில் அந்தப் பலகை ஏறிவிட்டால், மாநிலம் நிபந்தனை போடும் கட்டம் பெரும்பாலும் தாண்டிப்போயிருக்கும்.